நாற்பது பீஸ் லாட்டுக்கு எந்த ரோபோ?

கோவை ஜாப் ஒர்க் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் குறிச்சி சிட்கோவிலும் சின்னவேடம்பட்டியிலும் இரண்டு லேத், நான்கு சி.என்.சி., ஒரு வி.எம்.சி. என்று பட்டறை நடத்தும் உங்களுக்குத்தான் இந்த மடல்.

உங்களில் பலருடைய மேசையில் இப்போது ஒரு ரோபோ கோட்டேஷன் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்தவர் லேப்டாப்பில் ஒரு வீடியோவும் போட்டுக் காட்டியிருப்பார். ஒரு கை வளைந்து வந்து தட்டிலிருந்து உருளை ஒன்றை எடுக்கும், சக்கில் வைக்கும், கதவு மூடும், திறக்கும், முடிந்ததை எடுத்து அடுக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீடியோ முழுக்க வந்து போவது ஒரே உருளை என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் பட்டறையில் காலையில் பம்பு ஷாஃப்ட் நாற்பது, மதியம் ஃபிளாஞ்ச் அறுபது, சாயங்காலம் அவசரம் என்று யாரோ கொண்டுவந்து இறக்கிய புஷ் பதினைந்து. ஒரு பீஸ் முடிந்து அடுத்ததற்கு மாறும் நேரம் அந்த வீடியோவில் இல்லை. இந்த மடல் அந்த நேரத்தைப் பற்றியது. ரோபோ வாங்காதீர்கள் என்று உங்களைத் தடுப்பதற்காக இது எழுதப்படவில்லை. வாங்குங்கள். அந்த நேரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும்.

நீங்கள் ஏன் ரோபோவைத் தேடுகிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும். செட்டிங் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. கிடைத்து, தொழில் படிந்ததும் பெரிய கம்பெனி கூப்பிட்டுக்கொள்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உங்கள் மெஷினில் நிற்கும் இளைஞர்கள் ஹோலிக்கோ சாத் பூஜைக்கோ ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்து ஊருக்குக் கிளம்பியவர்களையும், அவர்களுக்குத் தைரியம் சொல்லி நிறுத்திவைக்க நீங்கள் பட்ட பாட்டையும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது ஷிப்டில் மெஷின் நின்றாலும் வங்கித் தவணை நிற்பதில்லை. இந்த நெருக்கடியில் ஒரு இயந்திரக் கையைத் தேடுவதில் தவறு எதுவும் இல்லை.

தவறு நடப்பது தேர்வு செய்யும் இடத்தில். பக்கத்துப் பட்டறைக்காரர் எந்த பிராண்ட் வாங்கினாரோ அதையே கேட்கிறீர்கள். எத்தனை கிலோ தூக்கும், எத்தனை மி.மீ. எட்டும், எவ்வளவு துல்லியம் என்ற மூன்று எண்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விற்பவரும் அந்த மூன்றுக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார்.

ரோபோ பிறந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட், 1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில் வேலைக்கு வந்தது. டை காஸ்டிங் இயந்திரத்திலிருந்து சூடான பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை. ஒரே பாகம், ஒரே இடம், நாள் முழுவதும், மாதம் முழுவதும். அதன் பிறகு வந்த பல தலைமுறை ரோபோக்கள் கார் ஆலைகளில் அந்த வழியிலேயே வளர்ந்தன. ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் மாடல் மாறும்வரை மறுபடி தொட வேண்டியதில்லை. சொல்லிக்கொடுக்க இரண்டு வாரம் ஆனாலும் லட்சக்கணக்கான கார்களில் அந்தச் செலவு கரைந்துபோகும். நாற்பது பீஸில் அது எப்படிக் கரையும்?

நிலைமை மாறத் தொடங்கியது 2008 டிசம்பரில். டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் மூன்று இளைஞர்கள் 2005இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபோட்ஸ், தன் முதல் கையை அந்த நாட்டிலேயே லினாடெக்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் செய்யும் அந்த நிறுவனம் அதை சி.என்.சி. இயந்திரத்துக்குப் பொருள் ஏற்றி இறக்க வைத்துக்கொண்டது. அந்தக் கையின் எடை 18 கிலோ சொச்சம். தூக்குவது 5 கிலோ. எட்டுவது 850 மி.மீ. கையைப் பிடித்து இழுத்து இடத்தைக் காட்டலாம். திரையைத் தொட்டு வரிசையை எழுதலாம். இன்று கோபாட் என்று நீங்கள் சொல்லும் வகை இப்படித்தான் சந்தைக்கு வந்தது. நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தயாரிப்பில் சிறிய துண்டுகளை எடுத்து வைக்கும் வேலைக்கு இப்படிப்பட்ட கைகளை வைத்திருக்கிறது. ஆகவே சிறிய வேலைக்கு ரோபோ ஒத்துவராது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். எது ஒத்துவரும் என்பதுதான் கேள்வி.

பணமும் பொறியாளர்களும் குறைவில்லாத பெரிய நிறுவனங்களே இந்தக் கேள்வியில் இடறியிருக்கின்றன. ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கனில் மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸ் கார் வரிசையில் சில இடங்களில் பெரிய ரோபோக்களைக் குறைத்து ஆட்களைக் கூட்டுவதாக 2016இல் சொன்னது. வாடிக்கையாளர் கேட்கும் வகைகள் அவ்வளவு பெருகிவிட்டன. டயர் வால்வு மூடியில்கூட நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் ரோபோவை மாற்றி அமைப்பதைவிட ஆள் வேகமாக மாறிக்கொள்கிறார் என்பது அவர்கள் கண்ட கணக்கு. டெஸ்லாவின் கதை இன்னும் பாடமானது. மாடல் 3 காரின் பேட்டரி மீது கண்ணாடி இழைப் பாய் ஒன்றை ஒட்ட ஒரு ரோபோ அமைப்பு வைத்திருந்தார்கள். மெல்லிய பாயை ரோபோவால் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை, வரிசையே நின்றது. கடைசியில் அந்தப் பாய் எதற்கு என்று விசாரித்தால், சத்தம் குறைக்க என்று ஒரு குழுவும் தீ பிடிக்காமல் இருக்க என்று இன்னொரு குழுவும் சொன்னது. சோதித்துப் பார்த்தபோது அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. பாயும் போயிற்று, ரோபோவும் போயிற்று. அளவு மீறித் தானியங்கியாக்கியது தன் தவறுதான் என்று 2018 ஏப்ரலில் ஈலான் மஸ்க் வெளிப்படையாக எழுதினார். உங்கள் பட்டறையில் இரண்டாவது முறை பர் எடுக்கும் வேலைக்கு ரோபோ கேட்பதற்கு முன், முதல் முறையே பர் வராமல் டூலை மாற்ற முடியுமா என்று கேட்பதும் இதே பாடம்தான்.

இப்போது ஒரு கணக்கு. பேனாவை எடுத்துக்கொண்டே படியுங்கள்.

நாற்பது பீஸ் லாட். ஒரு பீஸுக்கு மூன்று நிமிடம். ஆக, லாட்டுக்கு 120 நிமிடம். ஒரு லாட்டிலிருந்து அடுத்ததற்கு மாற 90 நிமிடம் பிடித்தால், ஒவ்வொரு லாட்டும் 210 நிமிடம் சாப்பிடும்; 420 நிமிடத்தில் இரண்டு லாட், 80 பீஸ். மாற்றும் நேரம் 20 நிமிடமாக இருந்தால் ஒரு லாட்டுக்கு 140 நிமிடம். அதே 420 நிமிடத்தில் மூன்று லாட், 120 பீஸ். இனி, விற்பவர் பெருமையாகச் சொல்லும் வேகத்தைப் பாருங்கள். விலை கூடிய இன்னொரு கை, ஒரு பீஸுக்கு ஐந்து விநாடி மிச்சம் பிடிக்கும் என்கிறார். 120 பீஸுக்கு அது 600 விநாடி, அதாவது நாள் முழுவதற்கும் பத்து நிமிடம். மாற்றும் நேரத்தைக் குறைத்ததில் ஒரு லாட்டிலேயே 70 நிமிடம் கிடைத்துவிட்டது. கோட்டேஷனில் வேகத்துக்குத் தனி வரி இருக்கிறது. மாற்றும் நேரத்துக்கு வரியே இல்லை.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்பவர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியது இந்த ஒரு நேரத்தோடுதான். 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. அதை முதலில் தொண்ணூறு நிமிடமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் இறக்கினார்கள். அதற்காகப் புதிய பிரஸ் எதுவும் வாங்கவில்லை. மெஷின் நின்றிருக்கும்போது செய்யும் வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார்கள்; போல்ட்டையும் அளவுக் கட்டைகளையும் ஒழுங்குபடுத்தினார்கள். ரோபோ வருவதற்கு முன்பே இந்த வேலையை உங்கள் சி.என்.சி.யில் நீங்கள் செய்யலாம். செய்யாமல் ரோபோவை நிறுத்தினால், ஜா மாற்ற ஒரு மணி நேரம் தேடும் பட்டறையில் ரோபோவும் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் காத்திருக்கும்.

மாற்றும் நேரம் எதிலெல்லாம் ஒளிந்திருக்கிறது? கை பிடிக்கும் விரல்களில், பொருள் அடுக்கும் தட்டில், புதிதாகக் காட்ட வேண்டிய புள்ளிகளில், சக் ஜாவில், டூல் ஆஃப்செட்டில், முதல் பீஸ் பரிசோதனையில். இதில் ரோபோக் கையின் பங்கு மிகக் குறைவு. கிரிப்பரும் தட்டும்தான் உங்கள் பட்டறையின் விதியைத் தீர்மானிக்கும். அதனால் கோட்டேஷனில் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் முடங்கிக் கிடக்கும் கிரிப்பரை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். விரல்களை ஸ்பானர் இல்லாமல் கழற்றி மாட்ட முடியுமா? மாட்டியதும் அதே இடத்தில் உட்காரப் பின் இருக்கிறதா? உங்கள் பத்து ஷாஃப்ட் அளவுகளுக்கும் ஒரே விரல் போதுமா, பத்து ஜோடி விரல் வேண்டுமா? பல வேலைகளுக்கு, முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் விரலே போதும். உடைந்தால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். தட்டும் அப்படித்தான். கட்டம் போட்ட தட்டில் வரிசை எத்தனை, பத்தி எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று மூன்று எண் கொடுத்தால் கை தானே கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழியையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லும் அமைப்பு உங்களுக்கு ஆகாது.

இனி, அந்த மூன்று எண்கள். அவற்றிலும் குழி இருக்கிறது.

ஐந்து கிலோ தூக்கும் கை என்றால் ஐந்து கிலோ பீஸைத் தூக்கும் என்று பொருளல்ல. கிரிப்பரும் அதில் சேர்த்தி. சக்கில் முடிந்ததை ஒரு பக்கம் எடுத்து, மறு பக்கம் புதியதை வைக்க இரட்டைக் கிரிப்பர் வேண்டும். அது இல்லாவிட்டால் மெஷின் ஒவ்வொரு பீஸுக்கும் காத்திருக்கும். புதிய பீஸ் 1.8 கிலோ, முடிந்தது 1.4, பிராக்கெட்டோடு இரட்டைக் கிரிப்பர் 2.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.3 கிலோ ஆகிவிட்டது. இரண்டு கிலோகூட இல்லாத ஷாஃப்ட்டுக்கு ஐந்து கிலோ கை போதவில்லை. அதோடு எடை மணிக்கட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவுக்குத் தூக்கும் திறன் குறையும். நீளமான ஷாஃப்ட் வைத்திருப்பவர்கள் இதை வரைபடத்தோடு கேட்டு வாங்க வேண்டும். எட்டும் தூரமும் அப்படியே: கை முழுதாக நீண்ட நிலையில் சக்குக்குள் வளைந்து நுழைய முடியாது. கதவு ஓரத்திலிருந்து சக் முகம் வரை அளந்து, வளையவும் இடம் விட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, துல்லியம். 0.03 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் அளவு. நீங்கள் கையைப் பிடித்துக் காட்டிய இடத்துக்கு அது அவ்வளவு நெருக்கமாகத் திரும்பி வரும். ஆனால் வரைபடத்தைப் பார்த்து, இந்த எண்ணுக்குப் போ என்று கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தால் அங்கே சரியாகப் போகும் என்பதற்கு அந்த எண் உத்தரவாதம் தராது. அது வேறு அளவு; பெரும்பாலும் அச்சில் வருவதில்லை. சக்கில் பொருள் வைப்பதற்கு உங்களுக்கு 0.03 தேவையே இல்லை, 0.1 போதும். மூன்று ஜா இறுகும்போது பீஸ் தானே மையத்துக்கு வந்துவிடும். பீஸின் பின்முகம் ஸ்டாப்பரில் ஒட்டி உட்கார்ந்ததா என்பதில்தான் கவனம் வேண்டும். ஆபரேட்டர் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி உட்கார வைப்பார். ரோபோவுக்கு அந்த அழுத்தத்தைக் கொடுக்க ஸ்பிரிங் வேண்டும். உட்கார்ந்ததைச் சொல்லக் காற்று வழிப் பரிசோதனை வேண்டும். இரண்டும் கோட்டேஷனில் இருக்கிறதா பாருங்கள். ஒரு சுருள் சிப் நடுவில் மாட்டிக்கொண்டு பீஸ் சாய்ந்து உட்கார்ந்தால், ரோபோவுக்கு அது தெரியாது. நாற்பதும் ரிஜெக்‌ஷன் ஆன பிறகு உங்களுக்குத் தெரியும்.

சிப் என்றதும் இன்னொன்று. நம் ஊர்ச் சூழலுக்கு ஐ.பி. எண் முக்கியம். 54 என்றால் தூசி ஓரளவும் தெறிக்கும் நீரும் தாங்கும். 67 என்றால் தூசி புகாது, சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் கெடாது. கூலன்ட் சொட்டும் சக்குக்குள் நாள் முழுக்கக் கையை விடுபவர்கள் குறைந்த எண்ணை வாங்கிவிட்டு மழைக்கோட்டு மாட்டிச் சமாளிப்பது கடைசியில் அதிகச் செலவு.

மணல் வார்ப்பில் வரும் காஸ்டிங் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பம்பு பாடியும் இம்பெல்லரும் ஒன்றுபோல் ஒன்று வருவதில்லை. பிரிகோட்டில் பிசிறு, வெட்டிய ரைசரின் மிச்சம், ஒரு மி.மீ. கூடக் குறைய. ஹைட்ராலிக் சக்கின் ஜா திறப்போ சில மி.மீ. மட்டும். ஆபரேட்டர் பீஸைத் திருப்பிப் பார்த்து, சரியான இடத்தைத் தேடி மாட்டுகிறார். அவர் கண் செய்யும் இந்த வேலையை யார் செய்வார்கள் என்று கேளுங்கள். கேமரா என்று பதில் வந்தால், உங்கள் பவுண்டரியில் இருந்து வந்த ஐம்பது காஸ்டிங்கை அப்படியே கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும் இதுவே. இடைவெளி கூடினால் நல்ல வெல்டர் டார்ச்சை ஆட்டி நிரப்பிவிடுவார். ரோபோ காட்டிய கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். வெட்டும் அளவும் ஃபிக்சரும் சரியில்லாமல் வெல்டிங் ரோபோ வாங்குவது வீண் செலவு.

ஆறு அச்சுக் கைதான் வேண்டும் என்பதும் இல்லை. நீளக் கம்பியிலிருந்து புஷ் கடைபவருக்கு ஒரு பார் ஃபீடர் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். தட்டையாக எடுத்துத் தட்டையாக வைக்கும் சிறு பாக அசெம்பிளிக்கு, 1978இல் யாமனாஷி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மகினோ உருவாக்கிய நான்கு அச்சு ஸ்காரா வகை போதும்.

பாதுகாப்பில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கோபாட் என்றால் வேலி வேண்டாம் என்று சொல்லிப் பலர் விற்கிறார்கள். ஆள் மேல் மோதினால் எவ்வளவு விசை வரை பொறுக்கலாம் என்பதற்கு 2016இல் ஐ.எஸ்.ஓ. ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2025இல் வந்த ஐ.எஸ்.ஓ. 10218 புதிய பதிப்பில் அது சேர்க்கப்பட்டுவிட்டது. அந்தப் பதிப்பு கோபாட் என்று ஒரு தனி வகையைப் பேசுவதில்லை. மனிதரோடு சேர்ந்து நடக்கும் வேலையைப் பற்றித்தான் பேசுகிறது. காரணம் எளிது. கை மென்மையாக நின்றாலும் அது பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் விளிம்பில் பர் இருக்கிறது. அதற்கு முகம் என்றும் விரல் என்றும் தெரியாது. ஆள் பக்கத்தில் நிற்கும்போது வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். அப்போது உங்கள் மூன்று நிமிடக் கணக்கும் மாறும். சில பட்டறைகளுக்கு வேலியும் சென்சாரும் போட்ட சாதாரண ரோபோவே வேகமும் மலிவும் பாதுகாப்பும் சேர்ந்ததாக இருக்கும். எதுவானாலும் முழு அமைப்புக்கும் எழுத்தில் அபாய மதிப்பீடு கேளுங்கள். உங்களை நம்பி அந்த மெஷின் முன் நிற்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளை.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரோபோ வரப்போகிறது என்று பட்டறையில் பேச்சு எழுந்ததும், உங்கள் பழைய செட்டர் அமைதியாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தனக்கு இனி இடமில்லை என்று நினைக்கிறார். கோட்டேஷன் பேசும் அறைக்குள் அவரை நீங்கள் அழைப்பதும் இல்லை. ஆனால் எந்தக் காஸ்டிங் எங்கே ஆடும், எந்த இன்சர்ட் எத்தனையாவது பீஸில் தேயும், எந்தச் சுருள் எங்கே சிக்கும் என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. டொயோட்டாவில் ஆலைக்குள் கற்று உயர்ந்த மிட்சுரு கவாய், சில இடங்களில் இயந்திரத்தை விலக்கிவிட்டு ஆட்களைக் கொண்டு கிராங்க் ஷாஃப்ட் அடிக்கச் செய்தார் என்று 2014இல் உலகமே எழுதியது. கையால் செய்யத் தெரிந்தவர்தான் இயந்திரத்தைத் திருத்த முடியும் என்று அவர் கருதினார். பஜாஜ் ஆட்டோ 2010 முதல் கோபாட்டுகளை வரிசைக்குக் கொண்டுவந்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வைத்தது. அந்த வரிசைகளில் பெண் தொழிலாளர்கள் அவற்றோடு வேலை செய்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த ஒருவர் ஒரு வாரத்தில் கற்று, புதிய பீஸுக்குத் தானே மாற்றிக்கொள்ள முடிகிற ரோபோ உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு புது லாட்டுக்கும் சென்னையிலிருந்தோ புனேயிலிருந்தோ பொறியாளர் வர வேண்டிய ரோபோ, எவ்வளவு மலிவானாலும், உங்களுக்குக் கட்டாது. ஒவ்வொரு பிராண்டும் தன் தனி மொழியில் பேசுகிறது. அந்த மொழியில் எழுதிய நிரலைப் பூட்டி, பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஒப்பந்ததாரர்களும் உண்டு. பணம் கொடுத்தவர் நீங்கள். சாவியும் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

விற்பவர் நாளைக்கும் இருப்பாரா என்பதையும் யோசியுங்கள். பாஸ்டனில் ரோட்னி புரூக்ஸ் தொடங்கிய ரீதிங்க் ரோபாட்டிக்ஸ், 2012இல் பேக்ஸ்டர் என்ற ரோபோவைச் சுமார் 22,000 டாலருக்குக் கொண்டுவந்தது. சிறு தொழில்களுக்கென்றே பிறந்த ரோபோ அது. முகத்தில் திரை, கண்கள், கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கும் வசதி எல்லாம் இருந்தன. நுட்பமான வேலைக்கு வேண்டிய துல்லியம் மட்டும் அதன் கையில் இல்லை. 2018 அக்டோபரில் நிறுவனம் மூடப்பட்டது. வாங்கியவர்கள் உதிரி பாகத்துக்கு எங்கே போவது? ஐரோப்பியக் கார் ஆலைகளிலிருந்து வரும் பழைய ரோபோக்களை மலிவு என்று பார்ப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கன்ட்ரோலர் போர்டு கிடைக்குமா, கியரில் ஆட்டம் எவ்வளவு?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்.

அடுத்த ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு லாட்டுக்கும் எத்தனை பீஸ், எத்தனை நிமிடம் ஓடியது, மாற்ற எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். செட்டரிடமே நோட்டைக் கொடுங்கள். மாத முடிவில் அடிக்கடி வரும் பீஸ் எது, எந்தெந்தப் பீஸ் ஒரு குடும்பம் என்று தெரிந்துவிடும். முதல் ரோபோவை அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கேளுங்கள். பட்டறை முழுவதற்கும் கேட்காதீர்கள்.

பிறகு விற்பவரை அழையுங்கள். மேசையில் உங்கள் இரண்டு பீஸை வையுங்கள், ஒன்று சுலபமானது, ஒன்று உங்களுக்கே தொல்லை கொடுப்பது. வீடியோ வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆபரேட்டர், அவர்களுடைய பொறியாளர் கைவைக்காமல், முதல் பீஸிலிருந்து இரண்டாவதற்கு மாற்றிக் காட்ட வேண்டும். நீங்கள் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். நடுவில், கை சக்குக்குள் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள். கையை வெளியே எடுத்து ஓட்டத்தைத் தொடர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த இரண்டு நேரங்களையும் பர்ச்சேஸ் ஆர்டரில் நிபந்தனையாக எழுதுங்கள். நிரல், பாஸ்வேர்ட், கிரிப்பர் வரைபடம் மூன்றும் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணை என்றும் எழுதுங்கள். உங்களுடைய பழைய மெஷினில் கதவைக் காற்றால் திறக்கவும், சக்கைச் சிக்னலால் இறுக்கவும் ஆகும் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே போடுங்கள்.

தனி ஆளாகக் கேட்டால் சிலர் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது உண்மை. ஒரு கை வாங்கும் பட்டறைக்காக யார் மெனக்கெடுவார்? அதனால் கடைசி வேண்டுகோள் உங்கள் சங்கங்கள் வழியாக. பம்பு சோதிக்க ஒவ்வொருவரும் ஆய்வகம் கட்ட முடியாது என்று தெரிந்து சிடார்க் போன்ற பொது ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொண்ட ஊர் இது. அதே போல் ஒரு பொதுக் கொட்டகை கேளுங்கள். மூன்று வகைக் கைகள், ஆறு கிரிப்பர்கள், கதவைக் கையால் திறக்கும் பழைய சி.என்.சி. ஒன்று. அதில் யாரும் தங்கள் பீஸோடும் தங்கள் செட்டரோடும் வந்து இரண்டு நாள் முயன்று பார்க்க வேண்டும். மாற்றும் நேரத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போக வேண்டும். பெரும் பணம் போட்டு ஏமாந்த பின் ரகசியமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை, பணம் போடுவதற்கு முன் சுவரில் எழுதி வையுங்கள். கொடிசியாவின் அடுத்த கூட்டத்திலும் டாக்ட் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாக வையுங்கள். மூலதன மானியத்துக்கு மனுப் போடும்போது கொட்டகைக்கும் சேர்த்துக் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் செட்டரையும் அழைத்துப் போங்கள்; மாற்றும் நேரம் எழுதிய நோட்டு அவரிடம் இருக்கட்டும்.